பொங்கல் வண்டிக்குப் பின்னால் ஆக்ரா வரை

ஜங்புராவில் ஒரு மெஸ். பக்கத்துப் போகல் பஜாரில் ஒரு மாவு மிஷின். ஆயிரம் இலைக் கல்யாணத்தைச் சத்தமில்லாமல் நடத்திக் கொடுக்கும் சமையல் கோஷ்டி. ஜனக்புரியில் மொட்டை மாடியோடு சொந்த வீடு. பேங்கில் உத்தியோகம் பார்க்கும் மகள். இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ரயிலை விட்டு இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தி இரண்டே வார்த்தை: பானி, காம். தண்ணீரும் வேலையும் கேட்கத் தெரிந்தால் டெல்லியில் பிழைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவன் நான். தூக்கிவிட்ட கைகளும் இருந்தன. அவற்றை மறக்கிற ஆள் இல்லை நான். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மேலே சொன்னதெல்லாம் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் வேறு. லோதி ரோடு கவர்ன்மெண்ட் குடியிருப்பில் இருந்த தமிழ் ஆபீசர்கள் பன்னிரண்டு பேரை, இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களை, டெல்லியிலிருந்து ஆக்ரா வரை சைக்கிள் மிதிக்க வைத்தேன். வெண்பொங்கலை வைத்து மிதிக்க வைத்தேன்.

டெல்லியில் ஏஷியாட் விளையாட்டு முடிந்து அடுத்த குளிர்காலம் அது. நாங்கள் அப்போது சாக்கடைக் கால்வாய் ஓரத்தில், பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்பில் இருந்தோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மெஸ் என்பது அன்றைக்குக் கேம்ப் வாசலில் இரண்டு அடுப்பும் ஒரு தார்ப்பாயும்தான். கூடவே ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. முன்னால் சைக்கிள், பின்னால் பலகை. மண்டியிலிருந்து காய்கறி அதில்தான் வரும். ஆபீஸ்களுக்குச் சாப்பாட்டு அடுக்கு அதில்தான் போகும்.

மகள் லோதி ரோட்டில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தாள். கேம்புப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, ரயில் பாதையைத் தாண்டி, பெரிய ரோட்டைத் தாண்டி நடந்து போவார்கள். தீபாவளி முடிந்த வாரம் எங்கள் சந்துப் பெண் ஒருத்தியை ஸ்கூட்டர் இடித்துக் காலில் மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாளிலிருந்து எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பவில்லை. என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“தை முடியற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள புள்ளைக போக வர ஒரு வண்டி வரலைன்னா, இவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன். அங்க எங்கம்மா வீட்டுக்கு எதுத்தாப்லயே பள்ளிக்கூடம்.”

“அப்ப நானு?”

“நீங்க உங்க அண்டாவோட குடும்பம் நடத்துங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் செய்வாள். டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்ததைப் பார்த்தேன். மகளையும் அவளையும் அனுப்பிவிட்டு, இந்த ஊரில் தனியாகக் கிடக்க வேண்டுமா என்று இருந்தது.

லோதி ரோடு குடியிருப்பின் மூலையில் ஒரு சின்னக் கோயில். வருஷா வருஷம் அங்கே மார்கழி பஜனை நடக்கும். பிரசாதம் என் பொறுப்பு. கேம்ப்காரன் வடித்ததைச் சாமிக்குக் காட்டலாமா என்று முதல் வருஷம் கேட்டவர்கள் உண்டு. ஒரு தொன்னை சாப்பிட்ட பிறகு யாரும் கேட்கவில்லை. பஜனை சபையின் செக்ரட்டரி ஒரு செக்ஷன் ஆபீசர், கும்பகோணம் பக்கம். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் ஊரே சொல்லும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். முதல் நன்றி அவருக்கு.

அவருக்குச் சரித்திரப் பைத்தியம். டெல்லியிலிருந்து ஆக்ராவுக்குப் பாதுஷாக்கள் போட்ட பழைய ராஜபாட்டை இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வொரு கோசுக்கும், அதாவது ஏறக்குறைய இரண்டு மைலுக்கு, ஒரு தூண் கட்டி வைத்திருக்கிறார்கள். கோஸ் மினார் என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய உருண்டைத் தூண், இரண்டு பனைமரம் சேர்ந்த பருமன். ஒன்று ஜூ மதிலுக்குள்ளேயே நிற்கிறது. “அந்த மினார்லேர்ந்து கிளம்பி, மினார் மினாரா ஆக்ரா வரைக்கும் சைக்கிள்ல போவோம். போற வழியெல்லாம் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நன்கொடை கேட்போம்” என்றார். குடியிருப்பில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஆசிரமம் சௌக் அருகே டிரான்ஸ்போர்ட் வைத்திருந்த சர்தார்ஜி ஒருவர் ஞாயிறு தவறாமல் என் கடையில் தோசை சாப்பிடுவார். அவரிடம் நன்கொடை கேட்கச் செக்ரட்டரியைக் கூட்டிப் போனேன். சர்தார்ஜி செக்ரட்டரியின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்துக் காட்டினார்.

“இந்தக் கையா ஆக்ரா போகுது? அரே அண்ணா, இட்லி சாப்பிடற ஆளுங்க, டெல்லி எல்லை பதர்பூரைக்கூடத் தாண்ட மாட்டீங்க.” பின்னால் நின்ற பழைய பஸ்ஸைப் பஞ்சாபியில் ஏதோ செல்லமாகத் திட்டிக்கொண்டே தட்டினார். “பன்னிரண்டு பேரும் போய்ச் சேருங்க. ஒருத்தன்கூட லாரி ஏறக் கூடாது. சேர்ந்தா இந்த பஸ் உங்க பள்ளிக்கூடத்துக்கு. ஒருத்தன் குறைஞ்சாலும், இல்லை.”

அதாவது என் குடும்பம் அந்தப் பன்னிரண்டு பேரின் இருபத்து நாலு காலில் தொங்கியது. இது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

நாள் குறிக்கக் கூட்டம் போட்டார்கள். செக்ரட்டரி உடனே கிளம்ப வேண்டும் என்றார். அந்தச் சமயம் வெயில் இதமாக இருக்கும், சரியான பருவம். ஆனால் ஜாதகம் பார்த்தார்கள், பஞ்சாங்கம் பார்த்தார்கள், இருக்கிற நாள் இவருக்கு ஆகாது அவருக்கு ஆகாது என்று தள்ளிக்கொண்டே போய் மார்கழி நெருங்கிவிட்டது. மார்கழியில் நல்ல காரியம் தொடங்குவார்களா? ஆகவே தை பிறந்ததும், விடியற்காலை முகூர்த்தத்தில், என்று முடிவானது. நம் ஊரில் தை பிறந்தால் வெயில் வரும். டெல்லியில் தை பிறந்தால் எதிரே நிற்கும் எருமை தெரியாது. பஞ்சாபி எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பன்னிரண்டு பேரும் எத்தனையோ வருஷம் டெல்லியில் இருந்தவர்கள். ஒருத்தருக்கும் பனி ஞாபகம் வரவில்லை. மாம்பலத்துப் பஞ்சாங்கத்தில் பனி போட்டிருக்க மாட்டான்.

அடுத்தது பயிற்சி. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நல்ல மனுஷர். சீட்டை உயர்த்துங்கள், முழங்கால் நீளட்டும், நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். காலை ஐந்தரைக்கு வரச் சொன்னார். முதல் நாள் அவரும் செக்ரட்டரியும் வந்தார்கள். இரண்டாம் நாள் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மூன்றாம் நாள் டிரில் மாஸ்டருக்கு ஜலதோஷம்.

மற்றவர்களைக் கேட்டால் ஒரே பதில்: “டெய்லி ஆபீஸுக்கு சைக்கிள்லதானேப்பா போறோம்?” லோதி ரோட்டிலிருந்து செக்ரட்டேரியட்டுக்குப் போவதும் ஆக்ராவுக்குப் போவதும் அவர்கள் கணக்கில் ஒன்றுதான்.

மார்கழி பிறந்தது. அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பயிற்சிக்கு ஐந்தரைக்கு எழுந்திருக்காத அதே ஆட்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல், பஜனைக்கு நாலரைக்குக் குளித்துவிட்டு, மங்கி கேப்பும் மப்ளரும் சுற்றிக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பிளாக் பிளாக்காகப் பாடிக்கொண்டு நடந்தார்கள். பனியாவது குளிராவது. பக்தி அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டு முடிகிற நேரம் எல்லார் கண்ணும் என் அண்டா பக்கம் திரும்பியதையும் பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் யோசனையைச் சொன்னேன். அவள் ரஜாயை, எங்கள் பஞ்சுப் போர்வையை, உதறி எடுத்து என் தோளில் போட்டாள். எங்களிடம் இருந்தது ஒரே ரஜாய். “அண்டாவச் சுத்திக்கோங்க. ரொம்ப தூரம் போனா ஆறிப்போகும்” என்றாள்.

மறுநாள் நைவேத்தியம் ஆனது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பானை வைத்து அங்கேயே கொடுத்தாயிற்று. பெரிய அண்டாவை ரஜாயில் சுற்றி வண்டியில் ஏற்றினேன். ஆண்கள் வரிசையில் தொன்னையோடு நின்றார்கள்.

“பொங்கல் ஜூ வாசல்ல சார்” என்றேன்.

“எதுக்கு? சிங்கத்துக்கா?”

“உங்களுக்குத்தான். சைக்கிளை எடுத்துக்கிட்டு வாங்க. சூடா இருக்கும்போதே.”

சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன். பின்னால் ஒரே கூச்சல். “சாமிக்குக் காட்டினதைத் தூக்கிண்டு ஓடறான்யா!” திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினாலும் பனியில் ஒன்றும் தெரியாது. கால் ஃபர்லாங் போனதும் ஒரு சைக்கிள் மணி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்தாக. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

ஜூ வாசலில் செக்ரட்டரி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார். “பிரசாதத்தை வெச்சுண்டு பேரம் பேசறியா? எந்த ஊர் நியாயம்ப்பா இது?”

“சாமி எங்கயும் இருக்காருன்னு கொஞ்சம் முன்னாலதான சார் பாடினீங்க? ஜூ வாசல்லயும் இருப்பாரு.”

பின்னாலிருந்து ஒரு கனத்த குரல்: “தர்க்கத்தை அப்பறம் வெச்சுக்கோங்கோ சார். ரெண்டாவது தொன்னை உண்டா, இல்லையா, அதைக் கேளுங்கோ முதல்ல.”

அது அக்கவுண்ட்ஸ் ஆபீசர். பஜனையில் முதல் குரல் அவருடையது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் வாய் நிறையப் பொங்கலோடு சிரித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செக்ரட்டரியும் தொன்னையை நீட்டினார். நெய் ஊற்றும்போது நான் கையை இறுக்கிப் பிடிக்கவில்லை.

அப்புறம் நான் விடவில்லை. சில நாள் ஜூ வாசல். அது பழகியதும் ஆசிரமம் சௌக். அது பழகியதும் ஓக்லா திருப்பம். கடைசியில் பதர்பூர் பக்கத்து மினார். மிளகைக் கூட்டினேன், முந்திரியைக் கூட்டினேன். தூரம் கூடக் கூட ருசியும் கூட வேண்டுமல்லவா? டிரில் மாஸ்டர் ஜலதோஷம் தெளிந்து வந்து பார்த்துவிட்டு, “நான் சொன்ன அட்டவணையேதான் இது” என்றார். சந்தோஷப்பட்டார், பொறாமைப்படவில்லை. அவரே ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் கொடுத்தார். பதர்பூர் மினாரடியில் டீக்கடை வைத்திருந்த பஞ்சாபி அம்மா, முன்பின் தெரியாத எங்களுக்காகத் தினமும் விடியுமுன்னே விறகை மூட்டி வைப்பாள். “ஆகயி மதராசி பராத்” என்று கத்துவாள். மதராசிக் கல்யாண ஊர்வலம் வந்துவிட்டதாம். கை காய்ச்ச அந்தத் தீ இல்லையென்றால் பாதிப் பேர் திரும்பியிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு என் நன்றி.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ரஜாய் நெய்யும் மிளகும் மணத்தது. அதைப் போர்த்திக்கொண்டு மகள் சொல்வாள், “பசிக்குதுப்பா, இதைப் போர்த்தினாலே பசிக்குது.” பள்ளிக்கூடம் போகாமல் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பனி கட்டியாக இறங்கியது. லாரி விளக்கு மஞ்சள் கறை மாதிரி வரும், போகும். வண்டிக்குப் பின்னால் அரிக்கேன் விளக்கைக் கட்டினேன். பஜனை ஜால்ராவில் ஒரு ஜோடியைப் பலகையில் கோத்தேன்; குழியில் இறங்கும்போதெல்லாம் ஜல் ஜல்லென்று அடித்துக்கொள்ளும். விளக்கைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் வரட்டும் என்று. அதுவும் போதவில்லை. வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு இரண்டுமே எட்டவில்லை. ஓக்லா தாண்டியதும், வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்த அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னால ஆகாதுப்பா. இங்கேயே இப்படின்னா ஆக்ராவுக்கு? பதினோரு பேர் போங்கோ. நான் வந்தா உங்களுக்குத்தான் பாரம்.”

செக்ரட்டரி சமாதானம் சொன்னார். மற்றவர்கள் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் கண்ணில் நின்றது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் பஸ் இல்லை. பஸ் இல்லையென்றால் அந்தப் பெட்டி ரயில் ஏறும். என் வீட்டுக் கதையைச் சொல்லிக் காலைப் பிடித்திருக்கலாம். நான் யார் காலையும் பிடித்தவன் இல்லை. அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“சார், நீங்க நின்னது எனக்கு எப்படித் தெரிஞ்சுது, சொல்லுங்க. நான் முன்னால போய்க்கிட்டிருக்கேன், முதுகுல கண்ணில்ல. உங்க பாட்டு நின்னுச்சு. அதான் வண்டிய நிப்பாட்டினேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என் விளக்கு அஞ்சு பேருக்குத்தான் தெரியுது. மீதிப் பேரு உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. நீங்க வீட்டுல இருந்துட்டா, ஆக்ரா ரோட்டுல இவங்களை நான் எங்கேன்னு தேடுறது? நீங்க மிதிக்க வேணாம் சார். நீங்க பாடுங்க. மிதிக்கிறதைக் காலு பாத்துக்கும்.”

 அவர் மப்ளரை வாயிலிருந்து இறக்கிக்கொண்டு கேட்டார்: “அந்த மினார்ல இன்னிக்கு என்ன? வெறும் பொங்கலா, கொத்சும் உண்டா?”

“கத்திரிக்கா கொத்சு சார்.”

“முன்னாடியே சொல்ல வேண்டாமோ?” என்று எழுந்தார். சைக்கிளை வரிசையின் நடுவில் விடச் சொன்னோம். பதர்பூர் வரை அவர் பாட்டை நிறுத்தவில்லை. பாடியபடியே அவர் மேட்டை ஏறியதை டிரில் மாஸ்டர் பார்த்துவிட்டு என்னைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அந்த மனுஷர் எழுந்தாரே, அதற்கு இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

தை பிறந்து முகூர்த்த நாளும் வந்தது. எதிர்பார்த்தபடியே ரோடே தெரியவில்லை. கிளம்புகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மாலை போட வந்தவருக்குத் தெரியவில்லை. ஒரு மாலை என் அண்டாவுக்கு விழுந்தது. மற்ற எந்தக் கோஷ்டியாக இருந்தாலும் அன்று திரும்பியிருக்கும். எங்களுக்கு அது வழக்கமான காலை. முன்னால் என் விளக்கு, ஜால்ரா, நடுவில் அந்தக் குரல், கடைசியில் செக்ரட்டரி. அண்டாவை லாரியில் அனுப்பலாம் என்று அவர் சொன்னார். “லாரி கூடாதுன்னு சர்தார்ஜி சொல்லியிருக்காரு” என்றேன். அவர் சொன்னது சைக்கிள்காரர்களைப் பற்றித்தான் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி, பருப்பு, அடுப்பு, அண்டா எல்லாவற்றையும் ஏற்றி நானே மிதித்தேன்.

முதல் நாள் பல்வல், அடுத்த நாள் மதுரா, மூன்றாம் நாள் ஆக்ரா. பனி விலகியதும் அவர்கள் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். பசி வந்ததும் நான் வருகிற வரை ஏதாவது மினாரடியில் நிற்பார்கள். மறுநாள் அவர்களுக்கு முன்பே கிளம்பிவிடுவேன். வலித்ததா என்று கேட்காதீர்கள். வலித்தது.

ஆக்ரா எல்லையில் சர்தார்ஜி ஜீப்பில் வந்து நின்றார். ஒவ்வொரு சைக்கிளாக விரல் நீட்டி எண்ணினார். பன்னிரண்டு எண்ணியபிறகும் விரலை மடக்கவில்லை. ஜல் ஜல்லென்று கடைசியில் நான் வந்து சேர்ந்ததும் என்னைக் காட்டி, “பாரா நஹீ ஜி, தேரா!” என்றார். பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று. என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தாடியில் பனி ஈரம் இருந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தை முடியுமுன் பஸ் கேம்ப் வாசலில் நின்றது. சும்மா கொடுக்கவில்லை, புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

முதல் நாள் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் திரும்பி மறைந்ததும், “பெட்டியில அரிசி கொட்டி வச்சிரவா? எலித் தொல்லை தாங்கல” என்றாள். நான் எத்தனையோ விருந்துகளுக்குப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு எதுவும் ஈடில்லை.

இப்போது நான் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு எழுத வந்த விஷயம். அந்த பஸ் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதன் முன்னால் எடுத்த போட்டோ மட்டும் பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கீழே ‘ஆக்ரா சைக்கிள் பயண வீரர்கள்’ என்று பன்னிரண்டு பெயர். படம் எடுக்கும்போது நான் பின்னால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் பாதி சக்கரம் ஒன்று தெரியும். அது என் வண்டிச் சக்கரம். கடைசி வரியில் சின்ன எழுத்தில் ‘சிற்றுண்டி உதவி: கேம்ப் அன்பர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். கேம்ப் அன்பர்கள் யாரும் ஆக்ரா வரவில்லை. வந்தவன் நான் ஒருத்தன்.

மகள் இதைப் படித்துவிட்டு, “போதும்ப்பா, அவங்களும் நல்லவங்கதானே” என்கிறாள். நல்லவர்கள்தான். பக்கம் பக்கமாக அதைத்தானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக் கடனை எழுத்தில் வைத்துவிட்டேன். எனக்கு வர வேண்டியதை அவர்களும் எழுத்தில் வைக்கட்டும். சட்டத்தைக் கழற்றுங்கள். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். பதின்மூன்றாவதாக என் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘பயிற்சி கொடுத்தவர்’ என்று எழுதுங்கள். பெயிண்டர் கூலி நானே தருகிறேன். மாட்டுகிற அன்று எல்லாருக்கும் வெண்பொங்கலும் என் செலவு. பள்ளிக்கூடத்திலேயே பரிமாறுகிறேன், இந்தத் தடவை யாரும் மிதிக்க வேண்டாம்.